திமிங்கில வேட்டை அணியின் மூன்றாவது பேச்சாளர்

அலைகடல் சூழ்ந்த அவுஸ்திரேலிய மண்ணிலே, ஆட்டிறைச்சிக் குழம்பின் மணம் சூழ்ந்த இந்த நார்த்மீட் மண்டபத்திலே, அவையை அமைதிப்படுத்தும் பொறுப்பையும் அயர்ந்தவர்களை எழுப்பும் பொறுப்பையும் ஒருங்கே சுமந்து அமர்ந்திருக்கும் நடுவர், இந்திரகுமார் ஐயா அவர்களே! மூன்று ஆண்டுகளாக வெற்றிக் கிண்ணத்தைக் கண்ணால் மட்டுமே கண்டு, நான்காம் ஆண்டிலாவது கையால் தொடுவோம் என்று என்னை நம்பிக் கெட்டிருக்கும் எங்கள் அணித் தலைவர், இளைப்பாறிய அதிபர், தங்கராசா அண்ணை அவர்களே! எதிரணியின் ஏந்தல், கெல்லிவில் தந்த கணினிப் பொறியாளர், கத்தரிக்காயை வெட்டும்போதும் கண்கலங்கும் கருணையாளர், தம்பி பிரதீப்குமார் அவர்களே! கையிலே மணியும் கண்ணிலே கண்டிப்பும் கொண்டு, முப்பது ஆண்டுகள் நோயாளிகளை நடுங்க வைத்த பின் இன்று பேச்சாளர்களை நடுங்க வைக்க வந்திருக்கும் நேரக் காப்பாளர், யோகா அன்ரி அவர்களே! எங்கள் பங்குத்தந்தை எறிக் அடிகளார் அவர்களே! ஆன்றோர்களே, சான்றோர்களே, அருமைத் தாய்மார்களே! தாய்மார்களை வாசலிலே இறக்கிவிட்டு, காரை நிறுத்த இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே!

நிறைவாக, இரண்டாம் வரிசையின் மூன்றாம் கதிரையிலே, ஒரு கிழமையாக என்னோடு ஒரு சொல்லும் பேசாமல், இன்று நான் என்ன பேசப்போகிறேன் என்று கேட்பதற்காகவே கைகட்டி அமர்ந்திருக்கும் என் இல்லத்தரசி பேர்ள் அவர்களே! உங்கள் அனைவருக்கும், குறிப்பாகக் கடைசியாகச் சொன்னவருக்கு, என் பணிவிலும் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் குழம்புக்கு உப்பு இருக்கிறது, சிரிக்கிறீர்கள்.

அவையோரே! யாக்கோபு என்பது அடியேன் பெயர். மன்னார்த் தீவிலே கடற்றொழில் செய்தவன். இன்று பரமட்டாவிலே ஒரு மீன்கடையிலே மீன் வெட்டுகிறவன். பதினான்கு வயதிலிருந்து இன்றுவரை எனக்கும் மீனுக்கும் இடையிலே ஓர் உறவு உண்டு. மீனைக் கேட்டால் அந்த உறவைப் பற்றி நல்லதாகச் சொல்லாது. இப்படிப்பட்டவன் "மனிதன் திமிங்கிலத்தை வேட்டையாடுவது முறையே" என்று பேசும் அணியிலே எப்படி வந்து சேர்ந்தேன்? விரும்பி வந்தேனா? விளம்பரத்துக்காக வந்தேனா? இல்லை ஐயா. ஓம் என்று சொல்லி வந்தேன்!

மூன்று கிழமைக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, கடையிலே சனம் நிறைந்து நிற்கிறது. ஒரு கையிலே கத்தி, மறு கையிலே மீன், தோளுக்கும் காதுக்கும் நடுவிலே தொலைபேசி. மறுமுனையிலே தங்கராசா அண்ணை.

"யாக்கோபு, இந்த முறை பட்டிமன்றத்தில கடல் சம்பந்தப்பட்ட தலைப்பு. எங்கட அணிக்குக் கடல் தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும். நீர் வாறீர் தானே?"

"ஓம் அண்ணை."

"தலைப்பு என்னெண்டு கேக்கேல்லையே?"

"நீங்கள் சொன்னால் சரி அண்ணை."

இதுதான் எங்கள் சனத்தின் குணம்! பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே ஓம் என்று விடுவோம். ஓம் என்று சொல்லித்தான் ஒரே ஆண்டில் மூன்று சங்கங்களுக்குச் செயலாளர் ஆனோம். ஓம் என்று சொல்லித்தான் முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்திலே பந்தி பரிமாறினோம். ஓம் என்று சொல்லித்தான் நான் இன்று திமிங்கிலத்தைக் கொல்ல வந்து நிற்கிறேன்!

இரண்டு கிழமை கழித்து வாட்சப்பிலே நோட்டீஸ் வந்தது. நடுவிலே என் படம். ஓர் அறக்குளா மீனைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே சிவப்பு எழுத்திலே, "வேட்டையே முறை! முழங்குகிறார் மன்னார் யாக்கோபு!" அதை என் மனைவி வேலைத்தலத்திலே, தேநீர் இடைவேளையிலே, பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, மடு மாதாவுக்குச் சொன்ன சொல்லு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"அது... பேர்ள்... அது சும்மா ஒரு பட்டிமன்றம்..."

"சும்மாவோ? உங்கட நேர்த்திக்கு நான் மூண்டு நாள் நடந்தனான். எனக்குத்தான் கால் கொப்பளிச்சது. உங்களுக்கு நாக்குக் கொப்பளிக்குதோ?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு கிழமை பேச்சில்லை. சமையல் நடந்தது. சோறு வந்தது, கறி வந்தது, சொதி வந்தது. எதிலும் உப்பு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்து கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை.

என்ன நேர்த்தி என்று பின்வரிசையிலே யாரோ கேட்கிறீர்கள். சொல்கிறேன் தம்பி, பொறும். திமிங்கிலம் ஒன்றின் முன்னாலே நான் எங்கள் மன்னார்க் காட்டுக் கோயிலிலே இருக்கும் மடு மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தவன். "அம்மா, இவர் எங்களில முட்டாமல் போகப் பண்ணும். இவரின்ர இனத்துக்கு நான் செத்தாலும் தீங்கு நினைக்கமாட்டன்" என்பது அந்த வாக்கு. இப்போது விளங்குகிறதா என் நிலை? பேசினால் மாதாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும். பேசாவிட்டால் தங்கராசா அண்ணைக்குக் கொடுத்த வாக்குப் போகும். மாதா மன்னிப்பார். தங்கராசா அண்ணை? கிண்ணம் வைக்க வரவேற்பறையிலே தட்டு அடித்து, அதற்கு மேலே சின்ன விளக்கும் பூட்டி, மூன்று ஆண்டாக வெறுந்தட்டுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறார், பாவம்!

ஓடினேன் எறிக் அடிகளாரிடம். அடிகளார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"வாக்கை எப்பிடிச் சொன்னனீர் யாக்கோபு? 'தீங்கு செய்யமாட்டன்' எண்டோ?"

"இல்லை ஃபாதர். 'நினைக்கமாட்டன்' எண்டு."

"அட, செய்யமாட்டன் எண்டு மட்டும் சொல்லியிருந்தால் ஏதும் பாத்திருக்கலாமே! ஏன் அவ்வளவு தூரம் போனனீர்?"

"பயத்தில ஃபாதர். பயத்தில சொல்லேக்க ஆரு அளந்து சொல்லுகினம்?"

அடிகளார் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "அணி எழுதித் தந்ததை எடுத்துச் சொல்லும். கடைசியில உம்மட மனச்சாட்சி சொல்லுறதையும் சொல்லும். ஆனால் நான் சொன்னனான் எண்டு மட்டும் மேடையில சொல்லிப்போடாதையும்" என்றார். மன்னிக்க வேண்டும் அடிகளாரே, சொல்லிவிட்டேன்.

ஆகவே அவையோரே, தபால்காரன் கடிதம் கொண்டு வருவது போல, எங்கள் அணியின் வாதங்களை உங்கள் முன் கொண்டு வருகிறேன். கடிதத்தில் உள்ளதற்குத் தபால்காரன் பொறுப்பல்ல. பேர்ள், கேட்டுக்கொள்ளும்!

எனக்கு முன் பேசிய தம்பி பிரதீப்குமார் என்ன சொன்னார்? "திமிங்கிலம் பாட்டுப் பாடுங்க! குட்டியை ஒரு வருஷம் பக்கத்துலயே வச்சு வளர்க்கும்ங்க! அதைப் போய்க் கொல்லலாமா? நீங்களே சொல்லுங்க யாக்கோபு அண்ணா!" என்று என்னைப் பார்த்தே கேட்டார். மண்டபம் உருகியது. தாய்மார்கள் கைக்குட்டை எடுத்தீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள். கண்ணைத் துடைத்த அதே கையால் மூக்கைத் திருப்பி, பின்னாலே குசினியிலே ஆட்டிறைச்சி எந்தப் பதத்தில் நிற்கிறது என்று மோப்பம் பிடித்தீர்களா இல்லையா? அந்த ஆட்டுக்குத் தாய் இல்லையா? அது குட்டியாக இருந்தபோது துள்ளவில்லையா? பாடத் தெரியாத குற்றத்துக்காகவா அது பானைக்குள் போனது? அப்படியானால், பாடத் தெரியாத எங்கள் மன்றத்துப் பாடகர்கள் நிலை என்ன?

முன்வரிசையிலிருந்து முறைக்கும் பாடகி அன்ரி, கோபிக்க வேண்டாம், பொதுவாகச் சொன்னேன்.

இன்னும் கேளுங்கள். இந்த நாடு திமிங்கிலத்துக்காகக் கண்ணீர் வடிக்கிறது. வைகாசி பிறந்தால் சிட்னித் துறைமுகத்திலிருந்து படகு படகாகப் போய், வாலைக் கண்டால் கைதட்டி, மூச்சுவிட்டால் படமெடுத்து வருகிறோம். நல்லது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வரைக்கும் இதே நாடுதானே வேட்டையாடியது? கங்காருவை நாட்டுச் சின்னத்திலே நிறுத்தினோம். அதே கங்காருவைச் சுப்பர்மார்க்கட்டிலே பொதி செய்தும் அடுக்கினோம். சின்னத்தில் நிற்பதையே சட்டியில் போடுகிற நாம், யப்பானியரைப் பார்த்து, நோர்வேக்காரரைப் பார்த்து, "அடப் பாவிகளே" என்று கைநீட்டலாமா? நீட்டலாமா ஐயா?

பனிக்கடல் ஓரத்திலே புல் முளைக்காத பூமியிலே வாழ்கிற குடிகள் இருக்கிறார்கள். ஒரு திமிங்கிலம் பிடித்தால் ஊரே பங்கிட்டு உண்ணும். அவர்களிடம் போய்த் தம்பி பிரதீப்குமார் கத்தரிக்காய் சாப்பிடச் சொல்வாரா? அந்தப் பனியிலே கத்தரிக்காய் காய்க்குமா? கரம் மசாலாவாவது கிடைக்குமா?

ஆகா! எத்தனை கைதட்டல்! தங்கராசா அண்ணை எழுந்து நின்றே தட்டுகிறார். அண்ணை, இருங்கோ. முழங்கால் சத்திரசிகிச்சை செய்த ஆள். இருங்கோ அண்ணை, இனி வாறது உங்களுக்குப் பிடிக்காது.

யோகா அன்ரி மணியைத் தொடுகிறார். அன்ரி, உங்கள் கையைக் கெஞ்சிக் கேட்கிறேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். தபால்காரன் இரண்டு வார்த்தை தன்னுடையதாகப் பேச அனுமதி தாருங்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆவணி மாதம். அவுஸ்திரேலியாவிலே அடைக்கலம் தேடிப் புறப்பட்டோம். ஒரு படகு. நாற்பத்தொரு பேர். அதிலே நான் பயணி மட்டுமே, ஓட்டியவன் அல்லன். குடிவரவுத் திணைக்களத்திலிருந்து யாராவது குழம்புக்காக வந்திருந்தால் குறித்துக்கொள்ளவும். பதினோராம் நாள். உச்சி வெயில். இயந்திரம் முந்தின நாளே கண்ணை மூடிவிட்டது. குடிக்கிற தண்ணீர் ஆளுக்கு ஒரு போத்தல் மூடி. அந்த நேரத்திலே, எங்கள் படகுக்குப் பக்கத்திலே கடல் மெல்ல உயர்ந்தது.

திமிங்கிலம்! எங்கள் படகைப் போல இரண்டு மடங்கு நீளம். பக்கத்திலே அதன் குட்டி. குட்டி எங்கள் படகை மோந்து பார்க்க வந்தது. குட்டிக்கும் படகுக்கும் நடுவிலே தாய் வந்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது. குழந்தைகள் வீரிட்டன. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கடல் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் கண்டார்கள். அன்றைக்கும் அதே கதை!

"யாக்கோபண்ணை, அடியுங்கோ! அலவாங்கால குத்துங்கோ! கவிழ்க்கப் போகுது!"

அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஓங்கினேன். இந்தக் கை, மீன் வெட்டுகிற இந்தக் கை, ஓங்கியது. அடிக்க நியாயம் இருந்ததா? இருந்தது! நாற்பத்தொரு உயிர் இருந்தது! அந்த வேளையிலே பட்டிமன்றம் வைத்திருந்தால் நாற்பத்தொரு வாக்கிலே நான்தான் வென்றிருப்பேன்.

ஆனால் எங்கள் கரையிலே ஒரு வழக்கம் உண்டு. கடலிலே திமிங்கிலம் எதிர்ப்பட்டால் நாங்கள் பெயர் சொல்லமாட்டோம், "பெரியவர்" என்போம். விரல் நீட்டிக் காட்டமாட்டோம். இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரும் படகின் அடியிலே அமர்ந்து, ஒருவர் மட்டும் குரல் கொடுப்பார். "பெரியவரே, வழி தாரும். நாங்களும் பிள்ளைகுட்டிக்காரர்" என்பார். காலங்காலமாக இதுதான் முறை. ஓங்கிய கையோடு நின்ற எனக்கு அந்த முறை நினைவுக்கு வந்தது. இயந்திரத்தை நிறுத்தும் வேலை இருக்கவில்லை, அது ஏற்கெனவே நின்றிருந்தது. அலவாங்கைப் போட்டேன். "எல்லாரும் இருங்கோ" என்று கத்தினேன். இருந்தார்கள். மாதாவுக்கு வாக்குக் கொடுத்தேன். பிறகு குரல் கொடுத்தேன். தொண்டை காய்ந்து கிடந்தது. காற்றுத்தான் வந்தது. "பெரியவரே, வழி தாரும்."

அந்தத் தாய் எங்களைப் பார்த்தது. ஒரு கண். பக்கவாட்டிலே ஒரே ஒரு கண். எவ்வளவு நேரம் பார்த்தது? எனக்குத் தெரியாது. எங்கள் கடதாசிகளைக் கேட்கவில்லை. குட்டியைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, படகு ஆடாமல், கீழே போனது. போய்விட்டது. நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்திலே அழுதோம்.

கடற்படைக் கப்பல் எங்களை மீட்டுக் கொண்டுபோய் வைத்த முகாமிலிருந்து முதல்முதல் தொலைபேசி எடுத்தபோது பேர்ளிடம் இதைத்தான் சொன்னேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு முன்பே இதைச் சொன்னேன். அடுத்த நாளே அவள் மடுவுக்கு நடக்கத் தொடங்கினாள். மூன்று நாள். வாக்குக் கொடுத்தவன் நான், நடந்தவள் அவள்.

அவையோரே, அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? அதற்குப் பிறகு நான் பட்டிமன்றத் தலைப்பு ஆனேன்!

ஆம்! இந்த நாட்டு வானொலியிலே, தொலைக்காட்சியிலே, தேர்தல் மேடையிலே, என்னைப் பற்றிப் பேசினார்கள். வரவிடலாமா, திருப்பி அனுப்பலாமா? ஆண்டுக்கு எத்தனை பேரை எடுக்கலாம்? இவர்கள் உண்மையிலேயே நோகக்கூடிய இனமா, நடிக்கிறார்களா? முறையே என்று ஓர் அணி. முறையன்று என்று ஓர் அணி. இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். இடைவேளையிலே தேநீரும் குடித்திருப்பார்கள். தலைப்பு மட்டும் தற்காலிக விசாவோடு, மீன்கடையிலே, வாய்திறக்க உரிமை இல்லாமல், மீனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. பதினொரு ஆண்டுகள், ஐயா! பேர்ள் அங்கே, நான் இங்கே, விவாதம் நடுவிலே!

எனக்காகப் பேசிய அணியிலே நல்லவர்கள் இருந்தார்கள். அவர்கள் கால்களில் விழுவேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்கு எதிராகப் பேசியவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களையும் யாரோ ஒருவர் தொலைபேசியிலே கூப்பிட்டிருப்பார், பேச எழுதியும் கொடுத்திருப்பார். அவர்களும் ஓம் என்றிருப்பார்கள்.

யோகா அன்ரி மணி அடித்துவிட்டார். கேட்டது அன்ரி. முடிக்கிறேன்.

தம்பி பிரதீப்குமார், ஆட்டைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. இன்னும் அரை மணி நேரத்திலே நான் அந்தக் குழம்பைச் சாப்பிடத்தான் போகிறேன். வெட்கத்தோடு சாப்பிடுவேன், ஆனால் சாப்பிடுவேன், ஏனென்றால் அதிலே உப்பு இருக்கிறது. பசிக்கு ஒன்றைப் பிடித்து ஊரோடு பங்கிடுகிற பனிக்கடல் மனிதரோடும் எனக்கு வழக்கில்லை. நான் ஞானி அல்லன், மீன் வெட்டுகிறவன். ஆனால் வெடியும் ஈட்டியும் பொருத்திய கப்பலிலே நின்றுகொண்டு, "இந்த ஆண்டு இத்தனை" என்று எண்ணிக்கை போட்டு, தேவையில்லாத உயிரைத் தேவை என்று வாதாடும் மேடையிலே, இந்த யாக்கோபு ஏறமாட்டான். தலைப்பாக இருந்தவனுக்குத் தெரியும் தலைப்பின் வலி!

ஆகவே நடுவர் அவர்களே, வேட்டை அணியின் மூன்றாவது பேச்சாளராகிய நான், என் மதிப்பெண் அனைத்தையும் எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டுகிறேன். என் கதிரையையும் அந்தப் பக்கம் கொண்டு போகிறேன். தங்கராசா அண்ணை எழும்பிவிட்டார்.

என்ன அண்ணை? "உமக்கு அடுத்த வருசம் அணியில இடமில்லை" என்கிறீர்களா? சரி அண்ணை. ஓம் அண்ணை. ஆனால் கண்ணாடியைக் கழற்றி ஏன் துடைக்கிறீர்கள்? கோபமென்றால் கோபமாகவே இருங்கள் அண்ணை, எனக்கும் சேர்த்து அழுகை வருகிறது. அந்த வெறுந்தட்டுக்கு நானே ஒரு நல்ல அறக்குளாவின் படம் கொண்டு வந்து வைக்கிறேன். நோட்டீஸிலே போட்டீர்களே, அதே படம்தான்.

பேர்ள், கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டீர். கண்டேன். இன்றிரவுச் சோற்றுக்கு அது போதும்.

இத்தனை நேரம் பொறுத்த நடுவருக்கு நன்றி. மணியடித்தும் கதிரையை விட்டு எழும்பாத யோகா அன்ரிக்கு நன்றி. என் இரகசியத்தைக் காத்து, தன் இரகசியத்தை என்னிடம் இழந்த அடிகளாருக்கு நன்றி. பசியோடு கேட்ட உங்களுக்கும், குசினியிலே அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வந்த வழி முழுவதிலும், வாக்கெடுப்பு நடத்தாமல், குழு அமைக்காமல், என்னைப் பற்றி ஒரு சொல் விவாதிக்காமல், முதல் கேள்வியிலேயே வழிவிட்டவர் ஒரே ஒருவர்தான். இப்போது எந்தக் கடலிலே மூச்சு விடுகிறாரோ தெரியாது. அந்தப் பெரியவருக்கு, விரல் நீட்டாமல், இரு கையும் கூப்பி, வணக்கம்.